கீழே கிடந்த இறகு யாருடையது? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

மொட்டை மாடியில் ஓர் இறகு கிடக்கும். எடுத்து நிறத்தைப் பார்ப்போம், அந்த நிறத்தில் நமக்குத் தெரிந்த பறவை எதுவோ அதன் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பாதிக்குப் பாதி தப்பாகிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு நீல இறகு கிடைத்தது. மீன்கொத்தி என்று நோட்டில் எழுதி, தேதி போட்டு, ஒட்டியும் வைத்தேன். இரண்டு வருடம் கழித்து அறுவடை முடிந்த வயலோரம் ஒரு பனங்காடை செத்துக் கிடந்தது. அதன் சிறகைக் குச்சியால் விரித்துப் பார்த்தால், என் நோட்டில் இருக்கும் அதே இறகு வரிசையாக இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாகத் தெரிகிற பறவைக்குள் அவ்வளவு நீலம் மடித்து வைக்கப்பட்டிருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

காரணம் இதுதான். ஓட்டு வீட்டுக் கூரையில் ஒவ்வோர் ஓட்டின் கீழ் ஓரம் மட்டும் வெளியே தெரியும், மீதி மேல் ஓட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் இல்லையா, பறவையின் சிறகும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. நாம் பார்த்துப் பழகிய நிறம் இறகின் வெளி ஓரம். கீழே கிடக்கும் இறகிலோ மறைந்திருந்த பகுதியும் சேர்த்துத் தெரிகிறது. அதனால்தான் நிறத்தை மட்டும் வைத்துத் தேடினால் சிக்குகிறோம். முதலில் அது உடம்பில் எந்த இடத்து இறகு என்று பார்க்க வேண்டும், அடுத்தது நீளம், அதற்கப்புறம்தான் நிறம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கையில் எடுப்பதற்கு முன்

இறகு கிடக்கும் இடத்தில் செத்த பறவை இருந்தால் தொட வேண்டாம், குச்சியால் புரட்டிப் பாருங்கள். மற்ற நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். குழந்தைகள் இறகைக் காதுக்குள் விடுவார்கள், அதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள்.

இன்னொன்று, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் இறகையும் அந்த உயிரின் பாகமாகத்தான் கணக்கில் எடுக்கிறது. தானாக உதிர்ந்த மயில் தோகைக்கு உள்நாட்டில் விலக்கு உண்டு, வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மற்றப் பறவைகளின் இறகுகளைச் சேர்த்து வைப்பது, விற்பது எல்லாம் சட்டத்துக்குப் புறம்பானது. என் நோட்டில் ஒட்டிய இறகுகளை எல்லாம் இது தெரிந்த பிறகு எடுத்துவிட்டேன். இப்போது போட்டோ எடுத்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன். அடையாளம் காண்பதற்கு போட்டோவே தாராளம்: வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று. வளைவை லேசாக விரலால் நேராக்கி, அடிக்குழல் (இறகின் அடியில் உடம்புக்குள் செருகியிருந்த வெறும் குழாய்ப் பகுதி) முனையிலிருந்து மேல் நுனி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

உடம்பில் எந்த இடத்து இறகு?

நடுவில் இருக்கும் தண்டைப் பாருங்கள். அதன் இரண்டு பக்கமும் இழைகள் சேர்ந்து மடல் மாதிரி இருக்கும். ஒரு பக்க மடல் மிகக் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தால் அது சிறகின் வெளிப்பகுதி இறகு. குறுகலான பக்கம்தான் பறக்கும்போது காற்றைக் கிழிக்கும் முன்பக்கம். இரண்டு மடலுக்கும் வித்தியாசம் கொஞ்சமாக இருந்து, இறகு முழுவதும் அரிவாள் மாதிரி ஒரே பக்கமாக வளைந்து, நுனி மழுங்கலாக இருந்தால் சிறகின் உள்பகுதி, அதாவது உடம்பை ஒட்டிய பக்கம். தண்டு நேராக இருந்து இரு மடலும் சமமாக இருந்தால் வாலின் நடு இறகு. தண்டு நேராக இருந்தும் மடல்கள் சமமில்லை என்றால் வாலின் ஓர இறகு. சின்னதாக, கிண்ணம் மாதிரிக் குழிந்து, கீழ்ப்பாதி பஞ்சாக இருந்தால் உடம்பு இறகு. முழுக்கப் பஞ்சு என்றால் உள்தூவி. அதை வைத்துப் பறவையைச் சொல்ல முயல்வது வீண் வேலை, விட்டுவிடுங்கள்.

நம் ஊர்ப் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சிறகில் 10 வெளிச்சிறகு இறகுகள், வாலில் 12 இறகுகள். குயில், செம்போத்துக்கு வாலில் 10. மயிலின் உண்மையான வால் 20 பழுப்பு இறகுகள்தான்; நாம் தோகை என்று கொண்டாடுவது வாலுக்கு மேலே மூடியிருக்கும் நீண்ட இறகுகள்.

முதல் அறிகுறி: இறகு அகலமாக, கரண்டி மாதிரி வளைந்திருக்கிறது

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கிராமத்திலும் சிற்றூரிலும் அடிக்கடி கண்ணில் படும் இறகு கோழியுடையது. நாட்டுக்கோழிக்கு என்ன நிறம்தான் கிடையாது? கருப்பு, செம்பழுப்பு, வெள்ளை, புள்ளி, வரி எல்லாம் வரும். நிறத்தை நம்பித் தேட ஆரம்பித்தால் கோழி இறகை வைத்துக்கொண்டு பருந்து வரைக்கும் போய்விடலாம். சிறகு இறகு நீளத்துக்குப் பொருந்தாத அகலத்தோடும் நல்ல வளைவோடும் இருக்கும், ஏனென்றால் கோழி திடீரென்று எழும்பிக் கொஞ்ச தூரம் பறந்து இறங்கும் பறவை, காற்றில் மிதக்கும் பறவை இல்லை. உடம்பு இறகாக இருந்தால் இன்னும் சுலபம். மடல் தொடங்கும் இடத்தில், பின்பக்கம், அதே தண்டிலிருந்து இன்னொரு குட்டிப் பஞ்சு இறகு ஒட்டிக்கொண்டு முளைத்திருக்கும். இந்த இரட்டை இறகு கோழி, கௌதாரி, காடை, மயில் என்று கோழிக் குடும்பத்தில் பெரிதாகத் தெரியும். காக்கையிலோ புறாவிலோ அப்படி எடுப்பாக இருக்காது.

கோழி இல்லை என்று உறுதியான பிறகு கீழே போங்கள்.

முழுக் கருப்பு

நீளம் சுமார் 18 முதல் 23 செ.மீ., தண்டும் கருப்பு, சாய்த்துப் பிடித்தால் ஊதா கலந்த நீல மினுமினுப்பு என்றால் காக்கை. வெளிச்சிறகு இறகாக இருந்தால் நுனிப்பகுதி திடீரென்று குறுகி, யாரோ ஓரத்தைச் செதுக்கி எடுத்தது போல ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டுகள்தான் பறக்கும்போது சிறகு நுனியை விரித்த விரல்கள் மாதிரிக் காட்டுகின்றன. வீட்டுக் காக்கையா அண்டங்காக்கையா என்பதை ஒரு சிறகு இறகை வைத்துச் சொல்ல வேண்டாம், அளவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கழுத்துப் பக்கத்துச் சாம்பல் நிறச் சின்ன இறகு கூடக் கிடைத்தால் வீட்டுக் காக்கை என்று எழுதலாம்.

கருப்பு நுனியில் பழுப்பாக மங்கியிருந்தால் வேறு பறவையோ என்று குழம்ப வேண்டாம். ஒரு வருட வெயில் பட்ட பழைய காக்கை இறகு அப்படித்தான் வெளுக்கும். குஞ்சு வளர்த்து முடித்ததும் காக்கைகள் பழைய இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதிது முளைக்க வைக்கும், அந்த மாதங்களில் தெருவில் இந்த மங்கிய இறகுகள் நிறையக் கிடக்கும். அப்போது மேலே பறக்கும் காக்கையின் சிறகைப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்திருக்கும்.

மினுமினுப்பு பச்சை கலந்த நீலமாக இருந்து, இறகு மெத்தென்று, வெட்டு எதுவும் இல்லாமல் இருந்தால் ஆண் குயில். வால் இறகு 20 செ.மீ. அளவுக்கு வரும், காக்கை வாலைவிடக் குறுகல். அதையும் தாண்டி 22, 25 செ.மீ. என்று நீண்டு, அகலமாக, தொளதொளவென்று இருந்தால் செம்போத்தின் வால். 15 செ.மீ.க்குள் இருக்கும் பளபளப்பான வால் ஓர இறகு, நுனியில் வெளிப்பக்கமாக வளைந்து திரும்பியிருக்கிறது என்றால் இரட்டைவால் குருவி, அதாவது கரிச்சான். அந்த வளைவு வேறு எதற்கும் வராது, ஒரே பார்வையில் முடிந்துவிடும்.

சாம்பல்

தொட்ட விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறதா? புறா. புறாவின் இறகுகளில் பொடி இருக்கும். புறா கண்ணாடி ஜன்னலில் மோதிவிட்டுப் போனால் சிறகு விரித்த படம் அப்படியே பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தப் பொடிதான். மாடப்புறாவின் வால் இறகு 12 செ.மீ. சுமார், சாம்பல் நிறம், நுனிக்கு அருகில் அகலமான கருப்புப் பட்டை. வாலின் கடைசி ஓர இறகில் வெளிப்பக்கம் வெள்ளைக் கரை இருக்கும். சிறகு இறகு சாம்பலில் தொடங்கி நுனியில் கருமையாகும். ஆனால் ஊர்ப்புறாக்களில் வளர்ப்புப் புறாவின் கலப்பு நிறைய, அதனால் கருப்பு, செங்கல் நிறம், முழு வெள்ளை எல்லாம் வரும். நிறம் எதுவானாலும் பொடியும் சுலபமாக உதிரும் தன்மையும் மாறாது.

சாம்பலும் கருப்பு நுனியும் சரியாக இருக்கிறது, ஆனால் இறகு 15, 20 செ.மீ. நீண்டு ஒல்லியாக இருக்கிறது என்றால் புறாவை மறந்துவிடுங்கள், அது வால்காக்கை. தென்னந்தோப்பு உள்ள ஊர்களில் இந்த இறகு அடிக்கடி கிடைக்கும்.

வால் இறகு பழுப்புச் சாம்பல், நுனி வெள்ளை என்றால் புள்ளிப்புறா, தவிட்டுப்புறா வகைகள்.

வெள்ளை

இங்கே பறவையைத் தேடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் கழித்துவிடுங்கள். நுனி கத்தரியால் வட்டமாக வெட்டியது போலவும் கீழ்ப்பாதியில் மடலே இல்லாமல் வெறும் தண்டாகவும் இருந்தால் அது பேட்மின்டன் பந்திலிருந்து பிய்ந்தது, வாத்து இறகு. கறிக்கடை பக்கம் என்றால் பிராய்லர் கோழி. பொடி ஒட்டினால் வெள்ளைப் புறா.

இது எதுவும் இல்லை, 15 செ.மீ.க்கு மேல், சுத்த வெள்ளை, வயலோ குளமோ கொக்குகள் அடையும் புளியமரமோ பக்கத்தில் இருக்கிறது என்றால் கொக்குதான். உண்ணிக்கொக்கா, சின்னக் கொக்கா, மடையானா என்பதைச் சிறகு இறகு மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மடையான் மண் நிறத்தில் உட்கார்ந்திருக்கும், எழுந்து பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும், ஆகவே வெள்ளை இறகு என்பதற்காக அதைக் கழித்துவிடாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் உதிரும் முடி மாதிரியான இறகுகள் உதவும்: ஆரஞ்சு கலந்த மஞ்சள் என்றால் உண்ணிக்கொக்கு, கருஞ்சிவப்பு என்றால் மடையான் முதுகு. வெள்ளைக் கொக்கின் இப்படிப்பட்ட முதுகு இறகுகளுக்காக நூறு வருடத்துக்கு முன்பு ஐரோப்பாவில் பெண்களின் தொப்பிக்கென்று லட்சக்கணக்கில் கொக்குகள் கொல்லப்பட்டன. அந்த மெல்லிய இழையைக் கையில் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நீலம்

நிறைய பேர் தப்புச் செய்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் சோதனை: இறகைச் சூரியனுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து, ஒளி ஊடுருவி வரும்படி பாருங்கள். உண்மையான நீல இறகு மங்கிப் பழுப்பாகிவிடும். பறவையின் இறகில் நீலச் சாயம் கிடையாது; இழைகளுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. பின்னாலிருந்து ஒளி வந்தால் அந்த வேலை நடக்காது. எதிர்வெயிலிலும் நீலம் அப்படியே இருந்தால், தண்டும் சேர்ந்து நீலமாக இருந்தால், அது சாயம் போட்ட இறகு, ஏதாவது அலங்காரப் பொருளிலிருந்து வந்திருக்கும்.

சாயம் இல்லை என்று தெரிந்த பிறகு அளவு. சுமார் 9 செ.மீ. சிறகு இறகு, வெளிமடல் நீலம், அடிப்பகுதியில் பெரிய வெள்ளைத் திட்டு, நுனி கருப்பு என்றால் வெண்மார்பு மீன்கொத்தி. அது பறக்கும்போது சிறகில் பளீரென்று ஒரு வெள்ளை தெரியுமே, அதே வெள்ளைதான். சுமார் 13 செ.மீ., இரண்டு நீலங்கள், ஒன்று கருநீலம், ஒன்று வானத்து நீலம், பட்டை பட்டையாக மாறி வருகிறது, வெள்ளை எங்கேயும் இல்லை என்றால் பனங்காடை. அதன் வால் இறகு வெளிர்நீலமாக வந்து நுனியில் கருநீலமாக முடியும், ஆனால் நடு வால் இறகு இரண்டும் மங்கிய பச்சை. நான் ஏமாந்ததும் இந்த வெள்ளைத் திட்டைப் பார்க்காமல் விட்டதால்தான். கிணற்றடியில் கிடைத்தது, தண்ணீர் பக்கம், நீலம், அப்படியானால் மீன்கொத்தி என்று இடத்தை வைத்து முடிவு கட்டிவிட்டேன். வெண்மார்பு மீன்கொத்தி தண்ணீரே இல்லாத தோட்டத்திலும் ஓணான், பூச்சி பிடித்துத் தின்னும், பனங்காடை கிணற்றடி மின்கம்பியிலும் உட்காரும். இடம் கூடுதல் சாட்சிதான், அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

சின்னதாக, செதில் மாதிரி, மேல் நுனி மட்டும் நீலமாக மின்னி மீதி பஞ்சாக இருந்தால் மயிலின் கழுத்து இறகு. ஊருக்குள் மயில் வர ஆரம்பித்த பிறகு இது எங்கள் பக்கத்திலும் கிடைக்கிறது.

பச்சை

பெரும்பாலும் கிளி. சிறகு இறகில் வெளிமடல் பச்சை, உள்மடல் கரும்சாம்பல். பாதி இறகு சாம்பலாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், அது அடுத்த இறகுக்கு அடியில் மறைந்திருந்த பக்கம். ஒல்லியாக 20 செ.மீ.க்கு மேல் நீண்டு, நீலம் கலந்த பச்சையாக, அடிப்புறம் மஞ்சள் சாயலோடு இருந்தால் கிளியின் நடு வால். கிளியின் பச்சை மஞ்சள் நிறமியும் மேலே சொன்ன ஒளிச்சிதறல் நீலமும் சேர்ந்து உண்டாவது, எனவே வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் பச்சை போய் அழுக்கு மஞ்சளாகத் தெரியும்.

7, 8 செ.மீ.தான் இருக்கிறது, பச்சையோடு செம்பழுப்புச் சாயலும் கருத்த நுனியும் இருக்கிறது என்றால் பஞ்சுருட்டான். அதன் நடு வால் இறகு நுனியில் ஊசி மாதிரி நீண்டிருக்கும்.

செம்பழுப்பு

அளவு மட்டும் வைத்தே இதைத் தீர்த்துவிடலாம். 15 முதல் 18 செ.மீ., முழுக்கச் செம்பழுப்பு, நுனி மட்டும் கொஞ்சம் மங்கல், வட்டமான மெத்தென்ற இறகு என்றால் செம்போத்து. அதற்கு மேல் போய் 25 செ.மீ.யைத் தாண்டி, விறைப்பாக, நுனி நல்ல கருப்பாக இருந்தால் செம்பருந்து. வாய்க்கால், வயல், கடற்கரை உள்ள ஊர்களில் எதிர்பார்க்கலாம். 30 செ.மீ.க்கு மேல், தடித்த தண்டு, துரு நிறம் என்றால் ஆண் மயிலின் சிறகு. மயில் என்றதும் எல்லோர் மனதிலும் நீலப் பச்சைத் தோகைதான் இருக்கும், அதனால் இந்தத் துரு நிற இறகைப் பார்த்துக் கழுகு என்று சொல்பவர்கள் நிறைய. 30 செ.மீ.க்கு மேல் இருந்து, செம்மை இல்லாமல் வெறும் மண் பழுப்பில் கலங்கலான வரிகள் என்றால் கரும்பருந்து, சென்னை மாதிரி நகரங்களில் வட்டமடிப்பது அதுதான்.

கருப்பும் வெள்ளையும்

சுமார் 11 செ.மீ., அடிப்பகுதி வெள்ளை, மேலே கரும்பழுப்பு என்றால் மைனாவின் சிறகு. நுனி மட்டும் வெள்ளை என்றால் மைனாவின் வால். தமிழ்நாட்டுத் தெருவில் காக்கை, புறாவுக்கு அடுத்து இதுதான் அதிகம்.

கருப்பில் குறுக்காக வெள்ளைப் பட்டைகள் பளிச்சென்று என்றால் கொண்டலாத்தி. ஒரே ஒரு பட்டை நுனிக்கு அருகில் என்றால் வெளிச்சிறகு, பல பட்டைகள் என்றால் உள்சிறகு. வால் இறகு வெள்ளை, நுனிக்கு அருகே கருப்புப் பட்டை, வெட்டவெளி அல்லது வயல் என்றால் ஆள்காட்டி.

புள்ளியும் வரியும்

கரும்சாம்பல் மேல் யாரோ அச்சுக் குத்தியது போலச் சுத்தமான வெள்ளை வட்டங்கள்: கின்னிக்கோழி. பக்கத்துத் தெருவில் யாராவது வளர்க்கிறார்களா என்று விசாரியுங்கள்.

பழுப்பு மேல் வெள்ளைப் புள்ளிகள், வால் இறகு என்றால் 20 செ.மீ. அளவில் வரிசையாக வெள்ளைக் குறுக்குக் கோடுகள்: பெண் குயில். இதைப் பருந்து, வல்லூறு என்று சொல்லி அனுப்புகிறவர்கள் அதிகம், ஏனென்றால் குயில் என்றால் கருப்பு என்று மனதில் பதிந்திருக்கிறது, பெண் குயிலை யாரும் கவனிப்பதில்லை. வல்லூறின் இறகில் சாம்பல் பழுப்புத் தளத்தில் கருமையான பட்டைகள் வரும், வெளிர்ப் புள்ளிகள் வராது. கருமையில் வெளிர்மையா, வெளிர்மையில் கருமையா என்று மட்டும் பாருங்கள்.

கருப்பில் ஓரம் நெடுக வெள்ளைப் புள்ளிகள் என்றால் மரங்கொத்தி. வால் இறகு கிடைத்தால் தண்டு மூங்கில் குச்சி மாதிரி விறைப்பாகவும் நுனி கூராகவும் இருக்கும். மரத்தில் ஏறும்போது அந்த வாலை முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது.

அப்புறம், தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கிற இறகு. இதை மட்டும் விரலால்தான் கண்டுபிடிக்க வேண்டும். முன்பக்க ஓரத்தில் சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிய இழைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், மேல்புறம் மிருதுவான ரோமம் போலிருக்கும். காற்றின் சத்தத்தை அடக்குவதற்கான ஏற்பாடு அது, ஆந்தை இனத்துக்கு உரியது. பொன்னிறத்தில் சில கருத்த பட்டைகளும் சாம்பல் தூவலும் என்றால் கூகை. பழுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசை, 12 செ.மீ.க்குள் என்றால் புள்ளி ஆந்தை, அதில் சீப்பு அவ்வளவு தெளிவாக இருக்காது. பக்கி என்ற இரவுப் பறவைக்கும் மெத்தென்ற இறகுதான், ஆனால் அது காய்ந்த சருகின் நிறத்தில் கலங்கலான கோலமாக இருக்கும்.

கூகை இறகு மாடியில் கிடந்தால் சில வீடுகளில் பயந்து போய் ஆளைக் கூப்பிட்டுக் கூட்டைக் கலைக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரவெல்லாம் எலி பிடிப்பதுதான் அதன் வேலை. நெல் வயலில் ஆந்தை வந்து உட்காரட்டும் என்றே எங்கள் பக்க விவசாயிகள் டி வடிவத்தில் குச்சி நட்டு வைக்கிறார்கள்.

நிறம் பொருந்துகிறது, ஆனால் குறுக்கே விசித்திரமான கோடுகள்

காக்கை இறகாகத்தான் தெரிகிறது, ஆனால் குறுக்காக மெல்லிய, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் கோடுகள் இருக்கின்றன, அந்த இடத்தில் மடல் முறிந்தும் இருக்கிறது என்றால், அது வேறு இனம் என்பதற்கான அடையாளம் இல்லை. அந்த இறகு முளைத்துக்கொண்டிருந்த நாட்களில் பறவை பட்டினி கிடந்திருக்கும் அல்லது கடுமையான தொந்தரவில் இருந்திருக்கும், அந்த நாளின் தழும்பு இறகில் நின்றுவிட்டது. அடையாளம் காணும்போது இந்தக் கோடுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடிக்குழலைச் சுற்றி மெழுகுக் காகிதம் மாதிரி உறை இருந்தால் இறகு இன்னும் வளர்ந்து முடியவில்லை, எனவே நீளத்தை நம்ப வேண்டாம். குழலுக்குள் ரத்தம் அல்லது கருமை இருந்தால் அது தானாக உதிர்ந்ததில்லை, பிடுங்கப்பட்டது. தானாக உதிர்ந்த இறகின் குழல் காய்ந்து, வெளிறி, சுத்தமாக இருக்கும்.

எதிலும் அடங்கவில்லை

எடுத்த போட்டோக்களை, இடமும் மாதமும் சேர்த்து, ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள், அங்கே இறகு மட்டும் இருந்தாலும் பதிவாக ஏற்கிறார்கள். 2021-இல் இந்தியப் பறவைகளுக்கென்றே தொடங்கிய ஃபெதர் லைப்ரரி தளத்தில் ஒவ்வோர் இனத்தின் சிறகையும் வாலையும் விரித்துப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் இறகு எந்த இடத்துக்கானது என்று முன்பே தெரிந்துகொண்டு போனால் அங்கே ஒப்பிடுவது சில நிமிட வேலை. தெரியாமல் போனால் ஒரு மணி நேரம் படம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஓர் இறகு இல்லை, ஒரே இடத்தில் கொத்தாகக் கிடக்கிறது

இது நல்ல வாய்ப்பு, ஏனென்றால் சிறகு, வால், உடம்பு மூன்றும் கிடைத்தால் அடையாளத்தில் சந்தேகமே வராது. கூடவே என்ன நடந்தது என்றும் படிக்கலாம். தண்டுகள் நடுவில் கடித்து முறிக்கப்பட்டு, இறகுகள் எச்சிலில் ஒட்டிக் கிடந்தால் பூனை அல்லது கீரி. ஒவ்வொன்றும் குழலோடு முழுதாகப் பிடுங்கப்பட்டு, தண்டில் அலகு பட்ட சின்னப் பள்ளத்தோடு, ஒரு சுவரையோ கிளையையோ சுற்றிச் சிதறிக் கிடந்தால் வல்லூறு மாதிரி வேட்டைப் பறவை.

புறாவின் வால் இறகுகள் மட்டும் கொத்தாகக் கிடந்து, ரத்தம் இல்லை, சிறகு இறகு ஒன்றுகூட இல்லை என்றால் அவசரப்பட்டு அது செத்துவிட்டது என்று எழுதாதீர்கள். பின்னாலிருந்து யாராவது பிடித்தால் புறா வாலை அப்படியே கழற்றி விட்டுவிட்டுப் பறந்துவிடும். போன தை மாதம் பக்கத்து வீட்டு அக்கா தன் மாடியில் ஒன்பது வால் இறகுகளைக் கூட்டி எடுத்து, பூனை புறாவைத் தின்றுவிட்டது என்று வருத்தப்பட்டார். அடுத்த நாள் காலையில் அவர் அரிசி போட்டபோது மொட்டை வாலோடு ஒரு புறா மற்றவற்றோடு சேர்ந்து இறங்கியது. சில வாரங்களில் வால் முளைத்துவிட்டது, அதற்கப்புறம் கூட்டத்தில் அது எது என்று எங்களால் சொல்ல முடியவில்லை.